ரெண்டுக்கு ஒரு கேசரி

“ரெண்டு” என்று சொல்லிவிட்டு அம்பிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லியாகிவிட்டது. வேலையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த அவளுடைய அப்பா சிதம்பரம், ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றுவிட்டார்.

“இங்கிலீஷ்லயா? ரெண்டா?”

“ஆமாப்பா. ஆனா வந்து...”

“நாகலட்சுமி! ஏ நாகலட்சுமி! கேட்டியா? மக இங்கிலீஷ்ல ரெண்டு வாங்கியிருக்கா. கேசரி கிண்டு!”

அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நெசமாவாட்டி? பெறகு ஏன் மூஞ்சி செத்த எலி மாதிரி இருக்கு?”

“ஒண்ணு வாங்கலையேன்னு வருத்தம்” என்று அப்பாவே பதில் சொன்னார். “என் மகள்லா!”

அம்பிகா வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். நெய் வாசனை வந்த பிறகு ஒரு வீட்டில் உண்மை பேசுவது கஷ்டம்.

சிதம்பரத்தைக் குறை சொல்ல முடியாது. ஹனோவர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயர் மின்னழுத்த ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து குடும்பத்தோடு வந்த புதிதில், அம்பிகா பள்ளியிலிருந்து கணக்கில் ‘ஒன்று’ வாங்கி வந்தாள். நூற்றுக்கு ஒன்று என்றால் எந்தத் தகப்பன் தாங்குவான்? மறுநாளே அவர் டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், தன் மகளை மன்னிக்க வேண்டும், இனி வீட்டில் அடித்தாவது படிக்க வைப்பேன் என்று உடைந்த ஜெர்மனில் டீச்சரிடம் கெஞ்சினார். டீச்சர் பயந்துபோய் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டுவிட்டார். ஜெர்மனியில் ஒன்றுதான் உச்சம், ஆறுதான் பாதாளம் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

அதைப் பழகிக்கொள்ள அவருக்கு வெகுகாலம் ஆயிற்று. குறைந்தால் சந்தோஷப்பட வேண்டும், கூடினால் கவலைப்பட வேண்டும் என்று மனசைத் திருப்பிப் போட்டு ஆணி அடித்து வைத்திருந்தார். பிற்காலத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து ஏதாவது ஒரு அளவைச் சொன்னால்கூட, “கூடினா நல்லதா, குறைஞ்சா நல்லதா?” என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்த மனிதர்.

அவர் மனசு அப்படிக் கெட்டிப்பட்ட நேரம் பார்த்து, ஜெர்மன்காரர்கள் கணக்கை மறுபடியும் தலைகீழாக்கினார்கள். எழுபதுகளின் நடுவில் உயர்நிலைப் பள்ளியில் புதுத் திட்டம் வந்தது. பதினோராம் வகுப்பிலிருந்து ஒன்று, இரண்டு கிடையாது, பாயிண்ட். பூஜ்யம் முதல் பதினைந்து வரை. பதினைந்துதான் உச்சம். இரண்டு பாயிண்ட் என்றால், பெரியவர்கள் கூப்பிட்டுத் தனியாகப் பேசுகிற நிலை.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அந்த மனிதர் பட்டது போதும் என்று அம்பிகா ஒவ்வொரு தடவையும் பாயிண்டை மனசுக்குள்ளேயே பழைய கணக்குக்கு மாற்றித்தான் வீட்டில் சொல்லிவந்தாள். உயிரியலில் பதினான்கு என்றால் வீட்டில் ‘ஒன்று’. இன்றைக்கு அழுகையை அடக்குகிற அவசரத்தில் மாற்ற மறந்துவிட்டாள்.

கேசரி வந்தது. நடுவில் முந்திரி. அம்பிகா அதை வேப்பங்கொழுந்து மாதிரி விழுங்கினாள்.

“அந்த பாரம் எங்க?” என்றார் அப்பா, நெய்க்கையைத் துடைத்துக்கொண்டு. “பவர் கோர்ஸ் பாரம்.”

அதுதான் அடுத்த இடி. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எந்தப் பாடத்தை எந்த மட்டத்தில் படிக்கப்போகிறோம் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆழமாகப் படித்தால் லைஸ்டுங்ஸ்குர்ஸ். மேலோட்டமாகப் படித்தால் குருண்ட்குர்ஸ். ஆழமான படிப்பில் வாங்குகிற பாயிண்ட் இறுதித் தேர்வில் பலமடங்காகச் சேரும். நன்றாகச் செய்தால் ஏணி, சொதப்பினால் பாம்பு.

ஜெர்மனில் ‘லைஸ்டுங்’ என்றால் சாதனை. ஆனால் மின்சாரக்காரர்கள் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பவர். வாட் கணக்கில் அளப்பது. ஆகவே சிதம்பரம் அதைப் பவர் கோர்ஸ் என்றும் மற்றதைக் கிரவுண்ட் கோர்ஸ் என்றும்தான் சொல்வார்.

“கிரவுண்ட் கோர்ஸே எடுக்கலாம்னு பாக்கேன்பா” என்றாள் அம்பிகா மெதுவாக.

“கிரவுண்டா? கிரவுண்ட் பண்ணினா என்ன ஆகும்? இருக்கிற கரண்ட் பூரா மண்ணுக்குள்ள போயிரும். ரெண்டு வாங்கின பொண்ணு மண்ணுக்குள்ள போகலாமா?”

அவருக்கு ஆங்கிலம் என்றால் வெறும் பாடமில்லை. ஜெர்மன் பேசும்போது சிதம்பரம் தாழ்ந்த வாசலில் நுழைகிறவர் மாதிரி குனிந்துகொள்வார். ரொட்டிக்கடையில் விரலை நீட்டித்தான் வாங்குவார். ஆங்கிலம் பேச ஆள் கிடைத்தால் மட்டும் முதுகு நிமிரும். இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார். அந்த ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் அம்பிகாவுக்கும் பைத்தியம் பிடித்தது. பிரிட்டிஷ் ராணுவ வானொலியைக் காதோடு வைத்துக் கேட்பாள். நூலகத்தில் ஆங்கில நாவல் அடுக்கை முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். போன கோடையிலேயே முடிவு செய்துவிட்டாள்: ஆங்கிலம்தான், லைஸ்டுங்ஸ்குர்ஸ்தான்.

அந்த ஆசையின் தலையில்தான் இன்று காலை ‘இரண்டு’ விழுந்தது.

பழைய ஆங்கில டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால், ஓய்வுபெறும் வயதில் டாக்டர் வெஸ்ஸல் என்று ஒருவர் வந்திருந்தார். அவர் வகுப்புக்கு வந்த முதல் நாள் அம்பிகா அப்பா அம்மாவோடு அயல்நாட்டவர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரைக்காக நின்றுகொண்டிருந்தாள். அவர் வைத்த முதல் தேர்வுத்தாள்தான் இன்று திரும்ப வந்தது. மூலையில் சிவப்பு மையில் இரண்டு. அவள் உள்ளே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மூடி அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, மணி அடித்ததும் ஓடிவந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சிநேகிதி குட்ரூன் மூன்று வாங்கிவிட்டு, “அப்பாடா, தப்பிச்சேன்!” என்று பெஞ்சில் குதித்தாள். மூன்று பாயிண்டுக்குக் குதிக்கிறாளே, இவளுக்கு வெட்கமே கிடையாதா என்று அம்பிகாவுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை சிதம்பரம் மீதிக் கேசரியை டிபன் பாக்ஸில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் இன்னும் பெரிய திட்டத்தோடு திரும்பி வந்தார்.

“எங்க புரொபசரே கை குடுத்தார்மா. நாளைக்கு உன் ஸ்கூலுக்கு வாறேன். அந்த வெஸ்ஸல் சாரைப் பாத்து ஒரு தேங்க்ஸ் சொல்லணும். இங்கிலீஷ்லயே பேசலாம், என்ன!”

அவர் முதுகு இப்போதே நிமிர்ந்திருந்தது.

“வேணாம்பா! அவரால பேச முடியாது.”

“ஏன்?”

“தொண்டை” என்றாள் அம்பிகா. வேறு எதுவும் தோன்றவில்லை. “சுத்தமாக் கட்டிக்கிச்சு. சத்தமே வரலை.”

“ஐயோ பாவம். அப்ப நான் பேசுதேன், அவர் எழுதிக் காட்டட்டும்.”

“கையிலயும் சுளுக்குப்பா.”

அம்மா சந்தேகமாகப் பார்த்தாள். “தொண்டை கட்டினவருக்குக் கை எப்பிடிட்டி சுளுக்கும்?”

“பேச முடியாம எல்லாத்தையும் போர்டுல எழுதியிருப்பாரு” என்றார் அப்பா. “வாத்தியார் வேலைன்னா சும்மாவா? நாகலட்சுமி, காலைல கொஞ்சம் மிளகு ரசம் வை. பிளாஸ்க்ல குடுத்து விடுவோம்.”

“புளியே ஒரு உருண்டைதான் இருக்கு. ஊர்லேருந்து வந்தது.”

“ரெண்டு போட்ட மனுஷனுக்கு ஒரு உருண்டை புளி குடுக்கக் கூடாதா?”

மறுநாள் அம்பிகா ஒரு கையில் புத்தகப் பையும் மறு கையில் பிளாஸ்க்குமாகப் பள்ளிக்குப் போனாள். கூடவே ஒரு குப்பி நீலகிரித் தைலம், கைக்கு. வெஸ்ஸல் தாழ்வாரத்தில் நின்று, மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அம்பிகா சுவரோரமாக நழுவினாள்.

கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அம்மாவின் கடைசிப் புளியை ஹனோவர் சாக்கடையில் கொட்ட மனசு வரவில்லை.

“என்ன அது?” என்றாள் குட்ரூன், மோப்பம் பிடித்து.

“தொண்டைக்கு மருந்து.”

“அய்யோ, எங்கப்பாவுக்குக் குடேன்! ஒரு வாரமாக் குரலே இல்லை. விடிகாலை ட்ராம் ஓட்டறாரில்ல, பனிக்காத்து. வீட்ல விசில் அடிச்சுத்தான் கூப்பிடறார்.”

அம்பிகா பிளாஸ்க்கையும் தைலத்தையும் அப்படியே அவள் கையில் திணித்துவிட்டாள். ஒரு பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தாள்.

“சார் என்ன சொன்னார்?” என்றார் அப்பா, மாலையில் கதவைத் திறந்ததுமே.

“அதான் பேச முடியாதே.”

“பிளாஸ்க் எங்க?”

“நாளைக்குத் தருவார்.”

மறுநாள் காலி பிளாஸ்க்கோடு குட்ரூன் வந்தாள். “அப்பா முதல் வாயில அழுதுட்டார். ரெண்டாவது வாயில ‘ஆ’ன்னு ஒரு சத்தம் வந்துச்சு! இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேக்கச் சொன்னார்.”

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலி பிளாஸ்க்கைப் பார்த்த அப்பாவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

“நல்லா இருந்துதாம்பா. இன்னும் வேணுமாம்.”

“பாத்தியா நாகலட்சுமி! ஒரு இங்கிலீஷ் புரொபசர் நம்ம ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்காரு!”

“புரொபசர் குடிப்பாரு. நாம நாளைலேருந்து எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சுக்கிட்டு இருப்போம்” என்றாள் அம்மா. ஆனாலும் அன்றைக்கு மிளகு ஒரு கை கூடுதலாகத்தான் விழுந்தது.

இப்படியே வியாழக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் பாரம் கொடுத்தாக வேண்டும். அது அப்பாவின் கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது. அம்பிகா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்பா, ரெண்டுங்கிறது ரெண்டு இல்லை.” இல்லை, இப்படி ஆரம்பித்தால் குழம்புவார். “அப்பா, கணக்கு மறுபடி மாறிட்டு.” இதுவும் சரியில்லை.

வாசல் மணி அடித்தது. குழாய்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

சிதம்பரம் கதவைத் திறந்தார். வாசலில் கோட்டும் டையும் அணிந்த, நரைத்த மீசை வைத்த ஒருவர் நின்றார். கழுத்தில் கம்பளித் துண்டு. கையில் சிதம்பரத்தின் சொந்த பிளாஸ்க். அவரைச் சுற்றி ஊட்டி மாதிரி நீலகிரித் தைல வாசனை.

வேறு யாராக இருக்க முடியும்?

“வெல்கம் சார்! வெல்கம்!” சிதம்பரம் அவர் வலது கையைப் பிடித்துக் குலுக்கப் போனவர், சுளுக்கு ஞாபகம் வந்து சட்டென்று விட்டுவிட்டு, இடது கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வந்தவர் தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இவர்கள் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டார்.

அடுத்து சிதம்பரம் பேசிய ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: “பெருமதிப்பிற்குரிய ஐயா! தங்கள் திருப்பாதம் இந்த எளிய இல்லத்தில் பட்டதற்கு நாங்கள் என்ன தவம் செய்தோமோ! தாங்கள் தயவுசெய்து பேச வேண்டாம். தங்கள் குரல்வளை தேசத்தின் சொத்து.”

வந்தவருக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. ஆனால் அன்பு என்று தெரிந்தது. பலமாகத் தலையாட்டினார். நாகலட்சுமி ஒரு டம்ளரில் சூடாக ரசம் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“கை பரவாயில்லை போலிருக்கே” என்றாள் அவள்.

“நம்ம தைலம்!” என்றார் சிதம்பரம். பிறகு பாரத்தை எடுத்துவந்து மரியாதையாக முன்னால் வைத்து, குனிந்து, ஆங்கிலத்தில் கேட்டார்: “ஐயா, ஒரே ஒரு கேள்வி. என் மகள் அம்பிகா... லைஸ்டுங்ஸ்குர்ஸ்? தலையை அசைத்தால் போதும்.”

அம்பிகா, லைஸ்டுங்ஸ்குர்ஸ்: அந்த நீளமான பேச்சில் வந்தவருக்குப் புரிந்தவை இந்த இரண்டுதான். கெட்டிக்காரப் பெண் ஆயிற்றே, தினமும் மருந்து கொடுத்தனுப்பிய பெண். கட்டைவிரலை உயர்த்தி, “யா, யா!” என்று காற்றாகச் சொன்னார்.

“சாரே சொல்லிட்டார்!” சிதம்பரம் பேனாவைத் திறந்தார். லைஸ்டுங்ஸ்குர்ஸ் என்று போட்டிருந்த இடத்தில் ‘ஆங்கிலம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அப்போதுதான் அம்பிகா பாத்ரூமிலிருந்து வெளியே வந்தாள். எழுதிய பாரம், ரசம் குடிக்கிற குட்ரூனின் அப்பா, ஆங்கிலத்தில் நிமிர்ந்து நிற்கிற தன் அப்பா. மூன்றையும் ஒன்றாகப் பார்த்தாள்.

“அப்பா, கையெழுத்துப் போடாதீங்க!”

“ஏன்? சாரே...”

“அவர் சார் இல்லை. ட்ராம் ஓட்டறவர். குட்ரூனோட அப்பா லூடர்ஸ்.”

“ட்ராமா? அப்ப வெஸ்ஸல் சாரோட தொண்டை?”

“அவருக்குத் தொண்டை எல்லாம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

“கை?”

“கையும்தான்.”

நாகலட்சுமி இடுப்பில் கையை வைத்தாள். “அப்ப இத்தனை நாளா ஏம் புளி ட்ராம்லயா போச்சு?”

அதற்குமேல் ஒத்திகை எதுவும் தேவைப்படவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். கணக்கு மாறியது, பதினைந்துதான் உச்சம், இத்தனை நாளாக அவள் மாற்றி மாற்றிச் சொன்னது, ரெண்டு என்றால் தோல்வி. “இங்கிலீஷ் எனக்கு வரும்னு நெனச்சேம்பா. வரலை. அதைச் சொல்ல வாய் வரலை. நீங்க அவ்வளவு சந்தோஷமா ஒத்தை ஷூவோட நின்னீங்க.”

லூடர்ஸ் ரசத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், குடிக்கவும் முடியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் ஏதோ பெரிய விஷயம் என்று மட்டும் புரிந்தது.

சிதம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆய்வுக்கூடம் முழுக்கக் கேசரி கொடுத்தாயிற்று. புரொபசர் கை குலுக்கியாயிற்று. அவர் கோபப்படுவார் என்றுதான் அம்பிகா காத்திருந்தாள்.

“நீ ரெண்டுன்னு சொன்னப்ப நான் உன் மூஞ்சியப் பாத்திருக்கணும்” என்றார் அவர். “நம்பரைப் பாத்துட்டேன்.”

பேனாவை எடுத்து, எழுதியதை ஒரே கோடாக அடித்தார். கீழே குருண்ட்குர்ஸ் என்ற இடத்தில் ‘ஆங்கிலம்’ என்று சின்னதாக எழுதினார்.

“அழாதே. கிரவுண்ட்தான் பத்திரம். எர்த் இல்லாத வீட்டுல ஒருத்தரும் குடியிருக்க முடியாது. நானே சொல்லுதேன், எலெக்ட்ரிகல் எஞ்சினியர்.” சொல்லிவிட்டு, மகள் தலையில் கை வைத்தார். “வீட்டுக்குள்ள நாம பவர் கோர்ஸ் நடத்திக்கிடுவோம். ரெண்டு பேரும்.”

அம்பிகா இப்போதுதான் நிஜமாக அழுதாள். நாகலட்சுமி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே வேகத்தில் லூடர்ஸின் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள். “இவரு என்ன பண்ணினாரு பாவம். குடிங்க, குடிங்க.”

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கீழே சைக்கிளைப் பூட்டிவிட்டு வந்த குட்ரூன், ஒரு ஆப்பிள் கேக்கோடு உள்ளே நுழைந்தாள். அழுகிற சிநேகிதியைப் பார்த்தாள். டம்ளரும் கையுமாக விழிக்கிற அப்பாவைப் பார்த்தாள்.

“என்ன ஆச்சு? ரசம் தீர்ந்துபோச்சா?”

“இங்கிலீஷ்ல ரெண்டு பாயிண்ட்னு வீட்ல சொல்லிட்டேன்” என்றாள் அம்பிகா ஜெர்மனில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “கிரவுண்ட் கோர்ஸ்தான்.”

குட்ரூன் கேக்கை மெதுவாக மேசைமேல், அந்தப் பாரத்தின் மேலேயே வைத்தாள்.

“பாயிண்டா? அந்தக் கிழவர் ‘பாயிண்ட் கீயிண்ட் எல்லாம் எனக்கு ஆகாது, ஓய்வு பெறும்வரை பழைய கணக்குத்தான்’னு முதல் நாளே சொன்னாரே! மூணு வாங்கின எனக்கே எங்கப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தார், வகுப்பிலேயே ரெண்டு வாங்கினது நீ ஒருத்திதான்டி!”